மாதிரியில் கட்டி இல்லை

கட்டி எலுமிச்சம்பழ அளவு இருப்பதாக அறுவை மருத்துவர் சொன்னார். மருத்துவர்கள் எதையும் பழக்கடையில் வைத்துத்தான் சொல்வார்கள். முதலில் பார்த்தவர் நெல்லிக்காய் என்றிருந்தார். என் மனைவி இரண்டையும் கேட்டுவிட்டு, "இன்னொருத்தர்கிட்ட போக வேண்டாங்க. ஆரஞ்சுன்னுடுவார்" என்றாள்.

அறுவை மருத்துவர் சிரித்தார். நல்ல மனிதர். விளக்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மாட்டி, பேனா நுனியால் ஓர் இடத்தைத் தொட்டார். கல்லீரலின் வலது பக்கம். பக்கத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாய் போகிறது. கட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருக்கிறது. அந்த இடம் இருக்கும்வரை கட்டியை வெட்டி எடுத்துவிடலாம். கட்டி வளர்ந்து குழாயைப் பிடித்துவிட்டால் யாராலும் தொட முடியாது.

"அப்ப எப்ப பண்ணலாம் டாக்டர்?"

"என்னைக் கேட்டா நாளைக்கே பண்ணலாம்."

"வேற யாரைக் கேக்கணும்?"

அவர் படத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "இதை நான் காட்டினேன்னு வெளியில சொல்லிடாதீங்க. இப்பல்லாம் உறுப்புக்கு ஒரு மாதிரி உருவம் செஞ்சு காட்சி மையம் குடுத்தாத்தான் நாங்க கத்தியைத் தொடலாம். முப்பரிமாணம்." பணக்காரச் சம்பந்தியின் பெயரைச் சொல்வதுபோல் அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்திச் சொன்னார்.

காட்சி மையத்துக்கு வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருவர் தலைமாட்டில் ஒருவர் கால்மாட்டில். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. வார்டை ஒட்டிய நடைபாதை முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. அது தானாகத் திறந்தது. உள்ளே கம்பளம், குளிர், எங்கிருந்தோ புல்லாங்குழல். செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ள நீலப் பை கொடுத்தார்கள். சுவரில் ஆளுயர எழுத்தில், 'பார்த்தாலே பாதி குணம்' என்றிருந்தது.

"மீதிப் பாதி எந்த மாடியிலங்க?" என்று என் மனைவி வரவேற்பில் கேட்டாள்.

"இங்க ஒரு மாடிதான் மேடம்" என்றாள் அந்தப் பெண், உண்மையான வருத்தத்தோடு.

இருட்டு அரங்கில் உட்கார வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கைதட்டல் கேட்டது. பதிவு செய்து வைத்திருந்த கைதட்டல். பிறகு காற்றில் என் மனைவியின் கல்லீரல் வந்து நின்றது. ஒரு சின்னக் கார் அளவு. மெல்லச் சுற்றியது. நீலக் குழாய்கள், சிவப்புக் குழாய்கள், ஓரத்தில் பச்சையாகப் பித்தப்பை. எங்கள் வீட்டில்கூட இவ்வளவு சுத்தமான இடம் கிடையாது.

அவள் கைப்பையை எடுத்து வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "ஈரக்குலை நடுங்குதுன்னு சொல்வாங்க. நடுங்கறது நான்தான். அது பாட்டுக்கு ஜோரா சுத்துது பாருங்க" என்றாள்.

பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தோம். பின் வரிசைகள் முழுக்க ஆட்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடியோடு. ஒருவர் எழுந்து நின்று என் மனைவியின் பித்தப்பையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க இவங்க எல்லாம்?"

"பார்வையாளர்கள்" என்றார் மைய இயக்குநர். அப்போதுதான் அவர் மேடைக்கு வந்தார். நோயாளியைத் தொட்டுப் பல காலமான கைகள். அவ்வளவு சுத்தமாக இருந்தன. "நாள்தோறும் வருவார்கள். நீங்கள் பெருமைப்பட வேண்டும் அம்மா. இதுவரை உங்களை யாருமே சரியாகப் பார்த்ததில்லை."

என் மனைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தாள். கழற்றினால் கல்லீரல் இரண்டு இரண்டாகத் தெரியும் என்று இயக்குநர் எச்சரித்தார்.

கட்டி மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்கு இன்னும் நிறம் முடிவாகவில்லையாம். நிறம் முடிவாகாமல் மாதிரி வெளியே போகாது. அறுவை மருத்துவர் கதவோரம் நின்றபடி, "சார், எனக்குச் சாம்பலே போதும்" என்றார்.

"டாக்டர், உங்களுக்கு வெட்டத் தெரியும். எங்களுக்குப் பார்க்கத் தெரியும்" என்றார் இயக்குநர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பெயின்ட் கடையில் விற்பனை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நான் இயற்பியல் படித்தவன். அதைச் சொன்னபோது இப்படி யார் முகமும் மலர்ந்ததில்லை.

அப்படித்தான் நான் வண்ணக் குழுவில் சேர்ந்தேன். 'மக்கள் பிரதிநிதி' என்று ஓர் அட்டையைச் சட்டையில் குத்திவிட்டார்கள். நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர்ப் புட்டி, ஒரு தட்டில் பிஸ்கட். சிவப்பு என்றார் ஒருவர். பயமுறுத்தும், தவிர ரத்தக்குழாய் ஏற்கெனவே சிவப்பு என்றார் மனநல ஆலோசகர். பச்சை என்றால் கட்டிக்கு நாமே வழிவிட்டதுபோல் இருக்கும். மஞ்சளைக் காமாலைப் பிரிவு விட்டுக்கொடுக்காது. இளஞ்சிவப்பைக் குழந்தைகள் பிரிவு முன்பே கேட்டு வாங்கியிருந்தது. கறுப்பு என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அடுத்த கூட்டம் குழுத் தலைவர் வீட்டுக் கல்யாணத்தால் தள்ளிப்போனது. அதற்கடுத்த கூட்டத்தில் விளக்கு எரியவில்லை. இருட்டில் நிறம் பேச முடியாது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அதற்கும் அடுத்த கூட்டத்தில் நான் பையிலிருந்து எங்கள் கடையின் நிற அட்டையை எடுத்தேன். வேறெப்படி இது முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்க கடையில இது ரொம்பப் போகும் சார். படுக்கையறைக்கு வாங்குவாங்க. 'தேன் மணல்'னு பேரு. பாத்தா எந்த எண்ணமும் வராது."

அட்டை கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றியது. "இதில் வரைந்தால் கட்டி என்றே தோன்றாதே" என்றார் விளம்பர அதிகாரி.

"அதுதானே வேண்டும்!" என்றார் இயக்குநர். கை தட்டினார்கள். எனக்கு இரண்டாவது தட்டு பிஸ்கட் வந்தது.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் என் மனைவி இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் சாய்ந்தால் வலித்தது.

"முடிஞ்சுதா?"

"நிறம் முடிஞ்சிடுச்சு. பளபளப்பா, மங்கலான்னு அடுத்த கூட்டத்துல."

"என்ன நிறம்?"

"தேன் மணல்."

அவள் என் சட்டையிலிருந்த அட்டையைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நல்ல பேரு. பிள்ளைக்கு வைக்க வேண்டிய பேரை எல்லாம் கட்டிக்கு வச்சிடுங்க."

அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். அடுத்த கூட்டத்துக்கு மறுபடி குத்திக்கொண்டேன். அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

பளபளப்பைப் பற்றிய கூட்டத்துக்கு அறுவை மருத்துவர் வந்தார். உட்காரவில்லை. "நடுவுல ஒரு விரல் இடம் இருந்தது. இப்ப எவ்வளவு இருக்குன்னு தெரியல சார். அந்தம்மாவுக்கு வலி வேற ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "மாதிரியைப் பாருங்கள் டாக்டர். ஒரு விரல் அப்படியே இருக்கிறது. மனிதர்கள்தான் நாளுக்கு நாள் மாறுவார்கள். மாதிரி மாறாது. அதனால்தான் மாதிரி."

மருத்துவர் கம்பளத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மங்கல் என்று முடிவானது. மாதிரி தயார். ஆனாலும் வெளியே வரவில்லை. மையத்துக்குப் புதிய திரை ஒன்றைத் தானம் கொடுத்தவர் ஒரு பிஸ்கட் முதலாளி. திறப்பு விழாவில் முதல் மாதிரியை அவர்தான் தொட வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தார்.

இந்த நேரத்தில்தான் என் மனைவியின் அண்ணன் சண்டை போட வந்தார். வேன் ஓட்டுகிறவர். முன்கோபி. "எவன்டா அந்த டைரக்டர்? நீ பேசாம இரு மாப்ள. உனக்குப் படிச்சவன் வாய். நான் பாத்துக்கறேன்" என்று கண்ணாடிக் கதவுக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. என் மனைவி, "அடிதடியா இருக்குமோ, போய்ப் பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். அவர் முதல் வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

"தத்ரூபமா இருக்குடா மாப்ள" என்றார். வெளியே வந்ததும் தங்கை முகத்தைப் பார்க்காமல் வேனுக்குப் போய்விட்டார்.

திறப்பு விழா வந்தது. முன் வரிசை நாற்காலிகளில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். முதலாளி. இயக்குநர். பத்திரிகை. கல்லீரல். என் மனைவி 'கல்லீரல்' நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் 'கல்லீரல் துணை' என்றிருந்தது. அது நான்.

இயக்குநர் பேசினார். "ஒரு காலத்தில் மருத்துவம் இருட்டில் நடந்தது. நோயாளி சொல்வதைக் கேட்டார்கள்! தொட்டுப் பார்த்தார்கள்! எவ்வளவு பின்தங்கிய காலம் அது! இன்று நோயாளி வாயே திறக்க வேண்டாம். வரவே வேண்டாம். படம் வந்தால் போதும்! மேலும் இன்று முதல் 'ஒரே உண்மை' திட்டம். எங்கள் மாதிரியில் என்ன நடக்கிறதோ அது அந்த நிமிடமே மருத்துவமனை முழுவதும் பதிவாகும். இனி எந்த நோயாளியும் எங்களோடு முரண்பட முடியாது!"

முதலாளி கையில் ஓர் ஒளிப்பேனா கொடுத்தார்கள். முதல் இழுப்பில் பித்தப்பை அறுந்து விழுந்தது. கணினியில் இருந்தவர் சத்தமில்லாமல் எடுத்து ஒட்டினார். இரண்டாவது இழுப்பில் பாதிக் கல்லீரல் போனது. அதையும் ஒட்டினார். மூன்றாவது தடவை அவரே வந்து முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்து நடத்தினார். தேன் மணல் உருண்டை கழன்று வந்து, அரங்கின் மேல் மிதந்து, பூவாக வெடித்தது.

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அத்தனை பேர் தட்டும்போது கை சும்மா இருப்பதில்லை. என் மனைவி மடியில் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைத்தான் பார்த்தாள்.

முதலாளி இறங்கி வந்து அவளுக்கு முன்னால் நின்றார். வேர்த்திருந்தது. "இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்லம்மா. நானே எடுத்துட்டேன்."

"ரொம்ப நன்றிங்க. வலி மட்டும் இருக்கு."

நல்ல நகைச்சுவை என்று எண்ணி அவர் உரக்கச் சிரித்தார். பத்திரிகைக்காரர்கள் அந்தச் சிரிப்பைப் படம் எடுத்தார்கள்.

அடுத்த நாள் அனுமதிப் பிரிவுக்குப் போனோம். துணிப்பை, பிளாஸ்க், பற்பசை, எல்லாம் கொண்டுபோயிருந்தோம். ஜன்னலுக்குள் இருந்தவர் கணினியைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். மறுபடி கணினியைப் பார்த்தார்.

"ஆபரேஷன் ஆயிடுச்சே சார்."

"எப்ப?"

"நேத்து. வெற்றின்னு இருக்கு. செஞ்சவர் பேரும் இருக்கு." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பிஸ்கட் கம்பெனியின் பெயர் இருந்தது.

"அது படத்துல பண்ணினதுங்க."

"எங்களுக்குப் படம்தான் சார் வரும். ஆள் வர்றது இல்ல. நீங்க நேரா தையல் பிரிக்கற ரூமுக்குப் போங்க. அதைப் பிரிச்சாத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும்."

விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்குமென்று தையல் அறைக்குப் போனோம். செவிலியர் என் மனைவியைப் படுக்க வைத்து, வயிற்றைப் பார்த்து, அசந்துபோனார். "ஐயோ, தழும்பே இல்லையே! என்ன கைராசி!" பக்கத்து அறைச் செவிலியரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

என் மனைவி உத்தரத்தைப் பார்த்தபடி, "உள்பக்கமா தச்சிருப்பாங்க சிஸ்டர்" என்றாள். அவள் காதுகள் சிவந்திருந்தன.

இயக்குநர் எங்களை உடனே பார்த்தார். பார்ப்பதுதானே அவர் தொழில். மேடையிலோ கூட்டத்திலோ இல்லாதபோது சாதாரணமாகவே பேசினார்.

"இதை ரத்து பண்ண முடியாது சார். அவர் வாழ்க்கையில செஞ்ச முதல் ஆபரேஷன். வீட்டு ஹால்ல போட்டோ மாட்டிட்டார். அதோட எங்க வெற்றி விகிதம் முழுசு. அதுல கை வச்சா அடுத்த திரை வராது."

"கட்டி உள்ளேயே இருக்கு சார்" என்றேன்.

"மாதிரியில கட்டி இல்லையே."

"எனக்குள்ள இருக்கே" என்றாள் என் மனைவி.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. கட்டி போனதை ஒரு அரங்கமே பாத்துது. உங்க வயித்துக்குள்ள இருக்கிறதை யார் பாத்தாங்க?"

"வலிக்குது சார்."

"வலி எந்தப் படத்துலயும் தெரியாது மேடம். தெரியாததை நாங்க எப்படி நம்பறது?"

அறுவை மருத்துவரும் அங்கே இருந்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். இழுப்பறைச் சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். இயக்குநர் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் கொட்டாவி விட்டதாகக் காட்டிக்கொண்டார்.

பிறகு இயக்குநரே வழி சொன்னார். இரக்கமில்லாதவர் இல்லை. "ஒண்ணு பண்ணலாம். ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. அதுக்கப்புறம் கட்டி திரும்ப வளர்ந்துடுச்சு. அப்படின்னா விதியில இடம் இருக்கு. ஆனா திரும்ப வளர ஒரு காரணம் வேணும். எங்க பக்கம் காரணம் இல்ல."

"அப்ப?"

"உங்க பக்கம். கவனிப்பு சரியில்ல, சொன்னபடி நடந்துக்கல, அந்த மாதிரி. நீங்க எழுதிக் குடுக்க வேண்டாம், அதுல உணர்ச்சி இருக்காது. நன்கொடையாளர் கூட்டம் வருது. மேடையில நீங்களே உங்க வாயால ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும். முதலாளி மனசு ஆறும். அன்னைக்கே தேதி குடுத்துடறேன்."

வீட்டுக்கு வந்து நான் சோபாவில் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தாள்.

"நான் பேச மாட்டேன்" என்றேன். "உன் தப்புன்னு ஊருக்கு முன்னால நான் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"மானம் போயிடும்."

"மானம் போனா போகட்டுங்க. கட்டி போகணும்." தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "என்ன சொல்லணுமோ சொல்லிட்டு வாங்க. நான் காதைப் பொத்திக்கறேன்."

கூட்டத்தில் அவள் காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை. கேமரா அவள் மேல் இருந்தது. பெரிய திரையில், வழக்கமாகக் கல்லீரல் சுற்றுகிற இடத்தில், அவள் முகம் இருந்தது. முதலாளி முன் வரிசையில், பரீட்சையில் தோற்ற மாணவன்போல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஒலிபெருக்கியைப் பிடித்தேன். "ஐயா செஞ்ச ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல. குறை எங்ககிட்டதான். சொன்னபடி நடந்துக்கல. வந்த குணத்தை நாங்கதான் காப்பாத்திக்கல."

முதலாளி தலை நிமிர்ந்தார். மையத்தில் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அரங்கு அமைதியாக இருந்தது. என் பேச்சை யாரும் அப்படி ஆடாமல் அசையாமல் கேட்டதில்லை. கடையில் வாடிக்கையாளர் பாதியிலேயே போய்விடுவார். நான் தொடர்ந்து பேசினேன்.

"அவ சொன்ன பேச்சு கேக்கற ஆளே இல்லீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். தூங்குன்னா தூங்க மாட்டா. கவலைப்படாதேன்னா, படாம இருக்கோமேன்னு அதுக்கு ஒரு கவலை."

சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் கணவரின் தோளைத் தட்டினாள்.

"கட்டியும் அவளை மாதிரியே அமைஞ்சிடுச்சு. போன்னா போக மாட்டேங்குது."

அரங்கு அதிர்ந்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பின்னால் ஒரு நாற்காலி படாரென்று மடங்கியது. என் மனைவியின் அண்ணன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். திரையில் என் மனைவியும் சிரித்தாள். கேமரா இருந்ததால் சிரித்தாள்.

"அம்மாவும் ஒரு வார்த்தை!" என்று இயக்குநர் ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார்.

அவள் எழுந்தாள். வலப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுதான். ஐயா மன்னிக்கணும்" என்றாள்.

முதலாளி மன்னித்தார். இன்னொரு திரையும் அறிவித்தார். அறுவைத் தேதியைக் கதவு அளவு அட்டையில் எழுதி எங்கள் இருவர் கையிலும் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

வேனில் ஏறப் போனபோது, அண்ணன் முன் கதவை எனக்குத் திறக்கவில்லை. "நீ பின்னால உக்காரு மாப்ள" என்றார்.  நான் அந்தப் பெரிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அது ஜன்னலை மறைத்தது.

புதிதாகப் படம் எடுக்கவில்லை. பழைய மாதிரியிலேயே பூவாக வெடித்த கட்டியைத் திரும்ப ஒட்டி, 'மறுவளர்ச்சி' என்று பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு விரல் இடம் அப்படியே இருந்தது.

அறுவையன்று காலையில் மருத்துவர் எங்களிடம் வந்தார். "உள்ள போனா இருட்டினப்பறம்தான் வெளிய வருவேன். நிதானமா செய்யற வேலை. நேரமாகுதேன்னு பயப்படாதீங்க. நேரமானா நல்லதுன்னு வச்சுக்குங்க" என்றார். என் மனைவியின் தலையில் பச்சைத் தொப்பி மாட்டியிருந்தார்கள். "கடைக்கு லீவ் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

காத்திருப்புக் கூடத்தில் மையம் ஒரு திரை வைத்திருந்தது. உறவினர்கள் மாதிரியில் அறுவையைப் பார்க்கலாம். கீழே 'நேரலை' என்று ஓடியது. ஓர் ஒளிக்கத்தி மெல்ல இறங்கியது. அண்ணன் தள்ளி ஒரு தூணருகே நின்றார். நான் தேநீர் வாங்கி வந்தேன். ஆறட்டும் என்று பெஞ்சில் வைத்தேன்.

அது ஆறுவதற்குள் மருத்துவர் வெளியே வந்துவிட்டார்.

எழுந்து நின்றேன். 

"குழாயைப் பிடிச்சிடுச்சு. சுத்திப் பிடிச்சிடுச்சு. தொட்டா மேசையிலேயே போயிடுவாங்க. தொடல. மூடிட்டேன்" என்றார். கையுறையைக் கழற்றியிருந்தார், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அன்னைக்கே, அந்த முதல் நாளே..." என்று தொடங்கி நிறுத்தினார்.

அவர் தலைக்கு மேல் திரையில் அறுவை நடந்துகொண்டிருந்தது. ஒளிக்கத்தி குழாயைத் தொடாமல், அந்த ஒரு விரல் இடத்தில் நேர்த்தியாகத் திரும்பியது. தேன் மணல் உருண்டை கழன்று வந்தது. கூடத்தில் இருந்த யார் யாரோ கை தட்டினார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "உங்க வீட்டம்மாதானே? நல்லபடியா முடிஞ்சிடுச்சு, பாத்தேன்" என்றார்.

"நன்றிங்க" என்றேன்.

மருத்துவர் என்னிடம் தாழ்ந்த குரலில், இன்றைக்கு அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும், நாளைக் காலையில் தானே வந்து சொல்வதாகவும் சொன்னார். அண்ணன் தூணிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவரின் கைகள் பின்னால் கட்டியிருந்ததைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகத்தைத் தூணில் வைத்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்கு முன்பே அவளுக்கு நினைவு வந்தது. உதடு வறண்டிருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினேன்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்தாச்சு."

"முழுசாவா?"

"முழுசா. வேரோட."

அவள் ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினாள். "வெயில் அடிக்குதே. இருட்டினப்பறம்தான் வருவேன்னாரு."

"கை வேகம். அவருக்கே ஆச்சரியம். இவ்வளவு சுலபமா கழண்டு வரும்னு நினைக்கலையாம். கைக்கு அடக்கமா இருந்துச்சாம். நீ நல்லா ஒத்துழைச்சியாம்." வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. "இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்லன்னு சொல்லச் சொன்னார்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். 

"நல்லா பேசறீங்க" என்றாள். "மேடையில பேசினதைவிட நல்லா பேசறீங்க."

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பேச்சை நிறுத்தவில்லை.